அயல்நாட்டில் ஆங்கிலம் கற்பித்தலும் யப்பானிய மொழியறிவும்

விழா மலர்களுக்குத் தமிழாசிரியர் எழுதும் கட்டுரை பழம்பாட்டொன்றின் நயம் பற்றியதாகவோ, சமயகுரவர் வரலாறு பற்றியதாகவோ அமைதல் மரபு. இம்மலரில் யாம் அம்மரபினின்றுஞ் சிறிது விலகி, உலகியல் சார்ந்த வினா ஒன்றை எடுத்துக்கொள்கின்றோம். யப்பான் நாட்டிற்குச் சென்று ஆங்கிலங் கற்பிக்கும் உத்தியோகம் பெற விரும்புவோர் யப்பானிய மொழியைப் பேசக் கற்றிருத்தல் வேண்டுமா என்பதே அவ்வினா. தமிழாசிரியருக்கும் இவ்வினாவுக்கும் தொடர்பு யாது என்று ஐயுறுவோர், கட்டுரையை இறுதிவரை வாசிப்பாராக.

இதனை எம்மிடங் கொண்டுவந்தவர் எம்மிடந் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவர். கொட்டாஞ்சேனையில் வசிப்பவர். உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தி, சிறுவர்க்கு ஆங்கிலந் தனிவகுப்பாகக் கற்பித்து வீட்டுக்கு உதவி வந்தவர். 2022 ஆம் ஆண்டில் நாட்டில் நேர்ந்த பொருளாதார நெருக்கடியின் பின்னர், அவருடைய தோழர் பலர் வெளிநாடு செல்ல, இவருக்கும் அவ்வெண்ணம் உதித்தது. ஒருநாள் மாலை வெள்ளவத்தையில் எமது இல்லத்திற்கு வந்தார். "சேர், ஆறு மாதம் யப்பானிய மொழி படித்தால் அங்கே ஆங்கில ஆசிரியர் வேலை நிச்சயம் என்கிறார்கள். வகுப்புக்கும் மற்றச் செலவுக்கும் பெருந்தொகை கேட்கிறார்கள். அம்மா தாலிக்கொடியை அடகு வைக்கிறேன் என்கிறா. கட்டலாமா?" என்று கேட்டார்.

கேட்டது மொழி பற்றிய வினா. அதன் பின்னே நின்றது ஒரு தாயின் தாலிக்கொடி. ஆதலின் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப மனம் ஒப்பவில்லை. ஒரு கிழமை தவணை கேட்டு, அறிந்தோரிடம் உசாவியும், அந்நாட்டு விதிகளை வாசித்தும் தெளிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். இதே வினாவுடன் நிற்கும் வேறு மாணவரும் பெற்றாரும் நம்மிடையே உளர் என்பது எமக்குத் தெரியும்.

இவ்வினா பார்வைக்கு ஒன்றாயினும் உண்மையில் மூன்று வினாக்களின் தொகுதியாகும். அந்நாட்டுச் சட்டம் கேட்பது யாது? வேலை கொடுப்போர் கேட்பது யாது? வகுப்பறை கேட்பது யாது? இம்மூன்றுக்கும் விடை வெவ்வேறாம். இவற்றைப் பிரித்தறியாமையே மயக்கத்துக்குக் காரணம்.

முதலாவது, சட்டம். யப்பானில் தங்கித் தொழில் புரிவதற்கு, தொழிலின் வகைக்கேற்ற தங்குரிமை பெறுதல் வேண்டும். பாடசாலைகளிற் கற்பிப்போர்க்கு ஒருவகையும், தனியார் மொழிநிலையங்களிற் கற்பிப்போர்க்கு மற்றொரு வகையும் உள. இவ்விரு வகையிலும் யப்பானிய மொழிப் பரீட்சையிற் சித்தியெய்தியிருத்தல் வேண்டும் என்னும் பொதுவிதி இல்லை. மாறாக, இரண்டிலும் முதன்மையாக நோக்கப்படுவது பல்கலைக்கழகப் பட்டம். பட்டமில்லாதவர்க்கு யப்பானிய மொழி எத்துணை சரளமாக வந்தபோதிலும், ஆங்கில ஆசிரியர் என்ற முறையில் அக்கதவு திறத்தல் மிக அரிது. பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் ஒன்றை மட்டுமே உடைய எம்மைப் போன்றோரும் இவ்விடத்தில் வாயிலுக்கு வெளியேதான் நிற்றல் வேண்டும்.

பட்டத்தோடு இன்னுமொரு விதியும் உண்டு. அந்நாட்டுப் பாடசாலைகளில் உதவி ஆசிரியராகச் சென்று அயல்மொழியொன்றைக் கற்பிக்க விரும்புவோர், தாம் கற்பிக்கும் அம்மொழியின் மூலமாகவே 12 ஆண்டுகளுக்குக் குறையாது கல்வி கற்றிருத்தல் வேண்டும் என்பது அது. ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்றல் வேறு; ஆங்கில மொழிமூலங் கற்றல் வேறு. நம் நாட்டு அரசாங்கப் பாடசாலைகளில் ஆரம்பக் கல்வி தாய்மொழியிலேயே நிகழ்கின்றது. 2001 ஆம் ஆண்டையொட்டி ஆங்கில மொழிமூலக் கற்கை சில பாடசாலைகளிற் சில பாடங்களுக்கு மீளத் தொடங்கப்பட்டதாயினும், அது இடைநிலை வகுப்புகளுக்கு உரியதே. 6 ஆம் தரந் தொடங்கி 13 ஆம் தரம் வரை ஆங்கில மொழிமூலங் கற்றவருக்கு 8 ஆண்டுகளே தேறும். அவர் பின்னர் 4 ஆண்டுப் பட்டப்படிப்பை ஆங்கிலத்திற் கற்றால் 12 என்று கணக்குப் பார்க்கலாம். ஆயினும் அக்கணக்கை ஏற்பதும் மறுப்பதும் அந்நாட்டு அதிகாரிகளின் பாற்பட்டது. தமிழ் மொழிமூலம் கற்ற நம் மாணவர், பணங் கட்டுவதற்கு முன்னரே இவ்விதியைப் பற்றி எழுத்துமூலம் கேட்டறிதல் இன்றியமையாதது.

அங்ஙனமாயின் 'யப்பானிய மொழி படித்தால் வேலை நிச்சயம்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது முற்றும் பொய்யன்று. வேறொரு பாதைக்குரிய மெய். 2019 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதந் தொட்டு யப்பான், முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டட நிர்மாணம், உணவகப் பணி முதலிய துறைகளுக்கு 'குறித்துரைக்கப்பட்ட திறன்' உடைய அயல்நாட்டுத் தொழிலாளரை ஏற்கும் புதிய தங்குரிமையொன்றை ஏற்படுத்தியது. அவ்வாண்டிலேயே இலங்கையும் இதன்பொருட்டு யப்பானுடன் உடன்பாடு செய்துகொண்டது. இப்பாதையிற் பட்டம் வேண்டியதில்லை. யப்பானிய மொழிப் பரீட்சைச் சித்தியும் தொழிற்றிறன் பரீட்சைச் சித்தியுமே பொதுவாக வேண்டப்படுவன. ஆகவே ஒரு பாதையில் மொழியே நுழைவுச்சீட்டு. மற்றப் பாதையிற் பட்டமே நுழைவுச்சீட்டு. முதற் பாதைக்குரிய வகுப்பை இரண்டாம் பாதையின் பெயரால் விற்பதே எம் மாணவருக்கு நேரவிருந்தது. முதியோரைப் பராமரித்தல் இழிவான தொழிலன்று, போற்றத்தக்க தொண்டு. ஆனால் அதற்குச் செல்வோர் அதற்கென்று அறிந்தே செல்லுதல் வேண்டும். ஆசிரியனாகப் போகின்றேன் என்று தாயிடஞ் சொல்லிவிட்டுச் செல்லலாகாது.

இரண்டாவது, வேலை கொடுப்போர். யப்பானிய அரசாங்கம் 1987 ஆம் ஆண்டில், அயல்நாட்டு இளைஞரைத் தன் பாடசாலைகளுக்கு அழைக்கும் 'ஜெற்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. முதலாண்டில் ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 4 நாடுகளிலிருந்து 848 பேர் சென்றனர். பின்னர் பல நாடுகள் அதிற் பங்குபற்றின. இத்திட்டத்தில் இருவகைப் பதவிகளை நோக்கினால் நம் வினாவுக்கு விடை தெளிவாகப் புலப்படும். வகுப்பறையில் யப்பானிய ஆசிரியருக்குத் துணைநின்று ஆங்கிலங் கற்பிக்கும் உதவி மொழியாசிரியருக்கு யப்பானிய மொழி கட்டாயமன்று. ஊராட்சி அலுவலகங்களில் மொழிபெயர்ப்பும் பண்பாட்டுத் தொடர்பும் செய்யும் இணைப்பாளர்க்கோ அம்மொழியில் நல்ல புலமை கட்டாயம். எந்தெந்த நாட்டினர் எவ்வாண்டில் விண்ணப்பிக்கலாம் என்பது மாறக்கூடியதாகலின், அதனைத் தூதரகத்தில் நேரிற் கேட்டறிதல் நன்று.

தனியார் மொழிநிலையங்கள் பல, வகுப்பில் ஆங்கிலமே ஒலித்தல் வேண்டும் என்பதைத் தம் கொள்கையாகக் கொண்டுள்ளன. அவற்றின் நேர்முகத்தில் யப்பானிய மொழி தெரியாமை ஒரு குறையாகக் கொள்ளப்படுவது அரிது. ஆயின், நகரசபையின் கல்விச்சபை தானே நேரடியாக ஆளெடுக்கும் இடங்களிலும், சிறுவர் பாடசாலைகளிலும், பல்கலைக்கழக நிரந்தரப் பதவிகளிலும் நிலைமை வேறு. அங்கே அதிபருடன் பேசவும், பெற்றாருக்கு விடையிறுக்கவும், கூட்டங்களில் இருந்து அறிக்கைகளை வாசிக்கவும் மொழி வேண்டும். சுருங்கக் கூறின், முதல் வேலைக்கு யப்பானிய மொழி பெரிதும் உதவுவதில்லை. இரண்டாம் வேலைக்கும் மூன்றாம் வேலைக்கும் அதுவே ஏணியாகின்றது.

மூன்றாவது வகுப்பறை. இங்கேதான் தமிழாசிரியராகிய எமக்குச் சொல்ல உரிமையுண்டு. 1987 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2007 ஆம் ஆண்டு யூலை 1 ஆம் திகதிக்குப் பின்னர் அரச சேவையிற் சேர்வோர் 5 ஆண்டுகளுக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறுதல் வேண்டும் என்று பொதுநிருவாகச் சுற்றறிக்கை விதித்தது. அதன் பயனாகச் சிங்கள உத்தியோகத்தர் பலர் தமிழ் கற்க வந்தனர். மாலை வேளைகளில் அத்தகைய வகுப்பொன்றை நடத்தும் பணி எமக்குங் கிடைத்தது. எம்மை அமர்த்தியோர் 'உமக்குச் சிங்களம் தெரியுமா?' என்று கேட்டாரல்லர். தமிழுக்குரிய தராதரப் பத்திரத்தையே பார்த்தனர்.

முதல் மாதம் நன்றாகவே சென்றது. இரண்டாம் மாதம் வினைமுற்று வந்தது. 'நான் போகிறேன், நீ போகிறாய், அவர் போகிறார்' என்று கரும்பலகையில் எழுதினோம், பலமுறை சொல்லுவித்தோம். மறுநாள் வகுப்பினர் யாவரும் 'நான் போகிறது, நீ போகிறது, அவர் போகிறது' என்றே பேசினர். மூன்று கிழமை இவ்வாறே கழிந்தது. வயதுவந்தோர் வீட்டிற் படியாது வருகின்றனர் என்று எண்ணி யாம் சற்றுக் கடிந்தும் பேசிவிட்டோம். அன்று வகுப்பு முடிந்தபின் ஒரு பெண் உத்தியோகத்தர் மெல்ல வந்து, 'மம யனவா, ஒயா யனவா, எயா யனவா' என்று தம் மொழியிற் சொல்லிக் காட்டினார். பேச்சுச் சிங்களத்தில் எழுவாய் எதுவாயினும் வினை மாறுவதில்லை. தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற வேறுபாட்டை வினையின் இறுதியிற் காட்டும் வழக்கமே அவர்கள் வாயில் இல்லை. பிழை அவர்களுடைய சோம்பலில் இல்லை. எமது அறியாமையில் இருந்தது. கொழும்பிற் பல்லாண்டு வாழ்ந்து, கடைத்தெருவிலும் பஸ்சிலும் சிங்களம் பேசியும், அதனை ஓர் ஆசிரியனின் காதுகொண்டு யாம் கேட்டதில்லை. அடுத்த நாள் இரு மொழி வினைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதினோம். மூன்று கிழமை ஏறாத பாடம் ஒரு மணி நேரத்தில் விளங்கிற்று.

எம்மைப் பணியில் அமர்த்தியது தமிழறிவு. எம்மை ஆசிரியனாக்கியது சிங்கள அறிவு. யப்பானிற் கற்பிக்கச் செல்வோர்க்கும் இதுவே பொருந்தும்.

அம்மொழியினர் ஆங்கிலங் கற்கையில் எய்தும் இடர்களைச் சிறிது நோக்குவோம். யப்பானிய மொழியில் ரகரத்தை ஒத்த ஒலியொன்றே உண்டு. ஆங்கிலத்தின் லகர ரகர வேறுபாடு அவர்கள் காதுக்கு எளிதிற் பிடிபடுவதில்லை. இதனைக் கேட்டு நகைப்போர், நம் லகர ளகர ழகரங்களைப் பிறமொழியாளர் பிரித்தறிய இடர்ப்படுதலை நினைத்துப் பார்ப்பாராக. இன்னும், யப்பானியச் சொற்கள் உயிரில் அல்லது ஒருவகை மூக்கொலியிலேயே முடியும். ஆதலின் புத்தகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அவர்கள் 'புக்கு' என்பர். நம் கிராமத்துச் சிறுவனும் 'புக்கு' என்றே உகரஞ் சேர்த்துச் சொல்கின்றான்! ஆங்கிலப் பெயர்களின் முன் நிற்கும் சுட்டுச் சொற்களுக்கு ஈடானவை யப்பானியத்தில் இல்லை. பன்மை விகுதியும் பெரும்பாலும் வேண்டப்படுவதில்லை. எனவே அவை மாணவர் எழுத்தில் விடுபடும். இக்காரணங்களை அறிந்த ஆசிரியர், பிழையைக் கண்டவுடன் அதன் வேரைக் காண்பார். அறியாதவர், எம்மைப் போல, மூன்று கிழமை கடிந்துகொண்டிருப்பார்.

வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு மொழி புகலாகாது என்பாரும் உளர். அக்கொள்கைக்கும் நல்ல மரபு உண்டு. 1922 ஆம் ஆண்டில் யப்பானியக் கல்வியமைச்சின் மொழி ஆலோசகராக அங்குச் சென்ற ஆங்கில அறிஞர் ஹரோல்ட் பாமர், மறுவருடம் ஆங்கிலங் கற்பித்தல் பற்றி ஆராயும் நிலையமொன்றை நிறுவி, வாய்மொழிப் பயிற்சிக்கே முதலிடங் கொடுத்து, 1936 வரை அங்குப் பணியாற்றினார். 2013 ஆம் ஆண்டில் உயர்நிலைப் பாடசாலைகளிலும் ஆங்கில பாடத்தைப் பொதுவாக ஆங்கிலத்திலேயே நடத்துமாறு பாடவிதானம் பணித்தது. இவற்றை யாம் மறுக்கவில்லை. மாணவர் மொழியை வகுப்பிற் பேசுதல் ஒன்று. அதனை அறிந்திருத்தல் மற்றொன்று. வைத்தியர் நோயின் காரணத்தை நோயாளியிடம் விரித்துரைக்காது விடலாம், அறியாது விடலாகாது.

2020 ஆம் ஆண்டு தொட்டு யப்பானிய ஆரம்பப் பாடசாலைகளின் 5 ஆம் 6 ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாயிற்று. 3 ஆம் 4 ஆம் வகுப்புகளில் மொழிச் செயற்பாடாக இடம்பெறுகின்றது. எட்டு ஒன்பது வயதுச் சிறுவன் வயிறு வலிக்கின்றதென்று அழும்போது, அவன் ஆங்கிலத்தில் அழமாட்டான் என்பதையும் நினைவிற் கொள்க.

மொழியறியாமலே புகழெய்திய ஆசிரியர் இலரோ எனின், லவ்காடியோ ஹேர்ன் என்பாரைச் சுட்டுவர். ஐரிசுத் தந்தைக்கும் கிரேக்கத் தாய்க்கும் 1850 இற் பிறந்த அவர், 1890 ஆம் ஆண்டு யப்பான் சென்று, மட்சுவே என்னும் ஊரில் ஆங்கில ஆசிரியரானார். பின்னர் தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் 1896 முதல் 1903 வரை விரிவுரையாற்றினார். யப்பானிய மொழியில் அவர் புலமை எய்தினாரல்லர். ஆயின் அவருடைய இல்லத்தில் மனைவியார் செற்சு இருந்தார். இருவரும் தமக்கெனத் திருத்தமற்ற ஓர் யப்பானியப் பேச்சை ஆக்கிக்கொண்டனர். அதன் வழியாக மனைவி சொன்ன பழங்கதைகளே ஹேர்னின் நூல்களாக உலகெங்கும் பரவின. எனவே அவருங்கூட மொழியின் துணையின்றி வாழவில்லை. அரைகுறை மொழியும் எத்துணைப் பயன் தரும் என்பதற்கே அவர் சான்றாகின்றார்.

நம் மாணவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியும் ஒன்றுண்டு. யப்பானிய வாக்கியம் தமிழ் வாக்கியத்தைப் போன்றே எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற ஒழுங்கில் அமைவது. வேற்றுமைப் பொருளை உணர்த்துவன பெயருக்குப் பின்னே வரும். நமது 'என்று' போலப் பிறர் கூற்றை முடித்துக் காட்டும் இடைச்சொல்லும் அங்குண்டு. மரியாதைக்கேற்ப வினையும் மாறும். அவர்களுடைய அசையெழுத்து வரிசையும், பௌத்த துறவிகள் கொண்டுசென்ற வடமொழி எழுத்து முறையின் செல்வாக்கால், 'அ, இ, உ, எ, ஒ' என்று தொடங்குவது. இவ்வொற்றுமைகளால் ஈர்க்கப்பட்ட தோக்கியோக் கக்குசுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ, இரு மொழிகளுக்கும் உறவுண்டு என்ற கருத்தை முன்வைத்து, யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவருடனும் சேர்ந்து நெடுங்காலம் ஆராய்ந்தார். அவருடைய முடிபை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்றிலர். எனினும் உறவு இருப்பினும் இல்லாவிடினும், வாக்கிய அமைப்பின் ஒற்றுமை தமிழ் மாணவருக்குக் கைகொடுக்கும் என்பதில் ஐயமில்லை. எழுத்துத்தான் கடினம். இருவகை அசையெழுத்துகளையன்றி, பொதுவழக்குக்கென வரையறுக்கப்பட்ட சீன எழுத்துகள் மட்டுமே 2,136 உள.

இனி, எம் மாணவருக்கு யாம் கூறிய ஒழுங்கை ஈண்டுந் தருகின்றோம். ஆங்கிலங் கற்பிக்கும் நோக்கமுடையோர் முதலிற் பட்டத்தை முடிக்க. இயலுமாயின் ஆங்கில மொழிமூலமே முடிக்க. இரண்டாவதாக, ஆங்கிலங் கற்பித்தலில் முறையான பயிற்சி பெறுக. மூன்றாவதாக, யப்பானிய மொழியைச் சிறிது சிறிதாகக் கற்க. அது உயர்தரத்தில் ஒரு பாடமாகவும், களனிப் பல்கலைக்கழகத்தில் ஒரு கற்கைநெறியாகவும் நம் நாட்டில் உண்டு. யப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சை 5 படிநிலைகளை உடையது. அதிற் பேச்சுப் பரீட்சை இல்லையாதலின், தராதரப் பத்திரத்தை மட்டும் நம்பாது வாய்திறந்து பேசவும் பழகுதல் வேண்டும். நான்காவதாக, முகவர் எவராயினும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் உடையவரா என்பதை அப்பணியகத்திலேயே உசாவிய பின்னரன்றி ஒரு சதமேனுங் கொடுத்தல் ஆகாது. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் அவ்வனுமதியைக் கட்டாயமாக்கியுள்ளது.

ஒரு கிழமை கழித்து மாணவர் வந்தார். தாயாரும் உடன் வந்திருந்தார். மேற்கூறியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தோம். 12 ஆண்டு விதியைக் கேட்டபோது அவர் முகம் வாடியது. அதனை மறைத்துக் கூறுதல் எமக்கு முடியாதிருந்தது. முகவரிடம் எழுத்துமூலம் கேட்குமாறு சொன்னோம். அவர் கேட்டார், எழுத்தில் விடை வரவில்லை. அதுவே விடையாயிற்று. இப்போது அவர் வெளிவாரிப் பட்டப்படிப்பிற் சேர்ந்து ஆங்கிலம் பயில்கின்றார். யப்பானிய மொழியையும் விட்டாரல்லர். நண்பரொருவரின் பழைய புத்தகத்தைக் கொண்டு இரவில் எழுத்துப் பழகுகின்றார். யப்பான் செல்வாரோ, கொழும்பிலேயே ஆசிரியராவாரோ, யாம் அறியோம். தாயாரின் தாலிக்கொடி மட்டும் கழுத்திலேயே இருக்கின்றது.

ஆகவே, யப்பானிய மொழி வேலையைப் பெற்றுத் தருமோ எனின், பெரும்பாலும் தராது. பெற்ற வேலையைச் செம்மையாகச் செய்யவும், அதில் நிலைக்கவும், உயரவும் அது துணைசெய்யும் என்பதே எமது முடிபு. எம்மொழியைக் கற்பிப்பவரும் தம் முன்னே இருப்போரின் மொழிக்கு முதலிற் செவிகொடுத்தல் வேண்டும். இதனைக் கொழும்பு மாநகரில், மாலை வகுப்பொன்றில், எம்மிடம் மாணவியாக வந்த ஒருவரே எமக்குக் கற்பித்தார். நம் கல்லூரியினின்று கடல்கடந்து செல்வோரும், ஈண்டே இருந்து கற்பிப்போரும் இதனை நெஞ்சிற் கொள்வாராக. கல்லூரி அன்னை நீடு வாழ்க!